வாய் கட்டிய என்கோடர்கள்

பெயர் ரோன்யா கெட்டரர். வயது இருபத்தெட்டு. தகப்பனார் பெயர் அல்பான் கெட்டரர். கருங்காட்டு மலையில் வைல்டால் ஊர், ஆலைத் தெரு, பதினோராம் எண் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மணமாகவில்லை. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. இதே ஊரிலுள்ள குவென்ட்லர் என்கோடர் தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்த்து வந்தேன். ஏப்ரல் மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டேன். அந்த நிறுவனம் என் மீது கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அனுமதி அட்டையைத் திருடினேன் என்பது ஒன்று. விற்பனைக்குப் போகும் கருவிகளின் அமைப்பை மாற்றி நாசவேலை செய்தேன் என்பது இன்னொன்று. நான் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றும் தெரிவிக்கப்பட்டது. ஒரே ஒரு கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்வி எது என்று புகார் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

புகாரில் என் வேலை 'தரவு உள்ளீடு' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் டாக்டர் கெர்னோட் குவென்ட்லர், நிறுவனத்தின் உரிமையாளர். அவருடைய தாத்தா சுவர்க் கடிகாரம் செய்தவர். இவர் தாத்தாவின் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். என் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது என்பதால் நானே சொல்கிறேன்.

இயந்திரத்தின் ஒரு தண்டு எவ்வளவு சுழன்றது என்று அளந்து சொல்வது என்கோடர். உள்ளே மெல்லிய கோடுகள் போட்ட கண்ணாடித் தட்டு ஒன்று தண்டோடு சேர்ந்து சுழலும். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் கண். தட்டு சுழலச் சுழலக் கண்ணிலிருந்து இரண்டு அலைகள் வரும். அந்த அலைகளை வாங்கி, ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான நுண் துண்டுகளாக நறுக்கி, எண்ணாக வெளியே அனுப்புவது இன்டர்பொலேட்டர் என்கிற சிப். அலையை எவ்வளவு பெருக்குவது, சாய்வை எப்படி நேராக்குவது, எத்தனை துண்டாக நறுக்குவது என்பதையெல்லாம் அந்தச் சிப்புக்குள் எழுதி வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. இரண்டு அலைகளையும் சேர்த்துத் திரையில் வரைந்தால் வட்டம் வர வேண்டும். சரியில்லை என்றால் கோடு முறுக்கிக்கொள்ளும். எங்கள் மேசையில் அதற்குப் பிரெட்சல், அதாவது முறுக்கு ரொட்டி, என்று பெயர்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சிப்பில் எழுத வேண்டும். தட்டில் தூசு படிந்து அலை சிறுத்தால், சிப் தானாகவே விளக்கைக் கூடுதல் வெளிச்சத்தோடு எரித்து அலையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். ஆகவே கொஞ்ச காலத்துக்கு வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. விளக்கு அதன் எல்லையைத் தொட்ட பிறகு அலை மறுபடி சிறுக்கத் தொடங்கும். அப்போது சிப் ஒரு கம்பி வழியாக அலாரம் அனுப்பும். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் நிற்கும். அலாரத்தை அடைத்துவிட்டால் சிப் வேலையை நிறுத்தாது. செத்துப்போன அலையையும் நறுக்கிக்கொண்டே இருக்கும், அதே வேகத்தில், அதே துல்லியத்தோடு, தப்பான எண்ணைத் தரும். எங்கள் விற்பனைப் பிரிவும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இரண்டு கோடைக்கு முன்பு மர அறுவை ஆலைகளிலிருந்து புகார்கள் வந்தன. என்கோடரில் அடிக்கடி சிவப்பு எரிந்து இயந்திரம் நிற்கிறது என்றார்கள். திரும்பி வந்தவற்றைத் திறந்து பார்த்தேன். தட்டில் மரத்தூளும் பிசினும் அப்பியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பானை மலிவான ஒன்றாக மாற்றியிருந்தார்கள். அடைப்பானை மாற்றினால் சரியாகிவிடும் என்று கூட்டத்தில் சொன்னேன். விற்பனைத் தலைவர் யோஹென் ஸ்ட்ரிட்மாட்டர் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு, "ரோன்யா, ஜனங்க என்கோடர் வாங்குறது அளக்குறதுக்கு. புலம்புறதக் கேக்குறதுக்கு இல்ல" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும்.

அதன் பிறகு, மர ஆலைகளுக்குப் போகும் என்கோடர்களில் அலாரத்தை அடைத்துவிட வேண்டும் என்று டாக்டர் குவென்ட்லர் முடிவு செய்தார். அந்த மாற்றத்தை நான் செய்ய மறுத்தேன். எல்லாச் சிப்புகளிலும் இறங்குகிற மூல அமைப்பை மாற்ற ஓர் அனுமதி அட்டை வேண்டும். அது அவரிடம்தான் இருக்கும். அவர் அட்டையைச் செருகினார், ஸ்ட்ரிட்மாட்டர் திரையிலிருந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டார். மொத்த வேலையும் அவ்வளவுதான். பத்து நாளில் புது விளம்பரத் தாள் வந்தது. 'கடுமையான சூழலுக்கான சிறப்பு வரிசை' என்று அச்சடித்திருந்தார்கள். விலையும் கூடியது. புகார்கள் நின்றன. ஸ்ட்ரிட்மாட்டருக்கு அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் என்று கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுக்கப்பட்டது.

அந்தக் கோடையில் நிறுவன விருந்தில் டாக்டர் குவென்ட்லர் பீர்க் குவளையோடு என் மேசைக்கு வந்து, "இனிமே என்னைக் கெர்னோட்னே கூப்பிடு. நமக்குள்ள என்ன 'நீங்க', 'வாங்க'" என்றார். இது எங்கள் ஊரில் சாதாரண மரியாதை அல்ல என்பது விசாரிக்கும் தங்களுக்கும் தெரியும். முதலாளியை 'நீ' என்று சொல்ல அனுமதி கிடைத்தவள் அதற்குப் பிறகு கூட்டத்தில் எழுந்து பேச மாட்டாள் என்பது எதிர்பார்ப்பு. நானும் என் குவளையை அவர் குவளையோடு தட்டினேன். மறுநாள் கூட்டத்தில் அடைப்பானைப் பற்றி மறுபடி பேசினேன்.

அதன் பிறகு, போன அக்டோபர் மாதம், பள்ளத்தாக்கிலுள்ள ஒரு மர ஆலையில் டோரின் பாலன் என்கிற ருமேனியத் தொழிலாளியின் வலது கை போயிற்று. மரத்தைத் தாங்கிக்கொண்டு அறுவை வாளை நோக்கிப் போகும் வண்டி, குறித்த இடத்தில் வந்து நிற்கும். நின்றதும் அவர் கையை விட்டுச் சிக்கிய மரப்பட்டையை எடுக்க வேண்டும். இயந்திரத்தை முழுவதுமாக அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி இயக்க நேரமாகும் என்பதால் அந்த ஆலையில் யாரும் அணைப்பதில்லை, அணைத்தவரை ஆலைக்காரர் வைத்துக்கொள்வதும் இல்லை. அன்றைக்கு வண்டி நின்றுதான் இருந்தது. அது நகர்ந்துவிட்டதாக என்கோடர் எண் சொன்னது. கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணை நம்பி, நின்ற வண்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதாக நினைத்து இழுத்தது. டோரினின் கை நடுவில் இருந்தது.

நிறுவனம் என்னை அந்த ஆலைக்கு அனுப்பியது. புறப்படும்போது டாக்டர் குவென்ட்லர், "போய்ப் பாத்துட்டு, நம்ம பக்கம் சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடு. பாவம் அந்த மனுசன், ஆனா பலகையப் படிச்சிருக்கணும்ல" என்றார். நான் போய் என்கோடரைக் கழற்றி, அங்கேயே அளவுக் கருவியில் மாட்டினேன். வட்டமும் வரவில்லை, பிரெட்சலும் வரவில்லை. திரையின் நடுவில் ஒரு நடுங்கும் புள்ளி இருந்தது. சிப்பின் உள்நிலையைப் படித்துப் பார்த்தேன். அலை போய்விட்டது என்பதைச் சிப் கண்டுபிடித்து, தனக்குள் அலாரத்தை எழுப்பி வைத்திருந்தது. வெளியே போகும் வழி மட்டும் அடைத்திருந்தது. ஸ்ட்ரிட்மாட்டர் போட்ட டிக் அப்படியே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஆலைக்காரர், டோரினுக்கு ஜெர்மன் சரியாக வராது, அதனால் வந்த வினை என்றார். ஒன்பது ஆண்டுகளாக அவரை வேலை வாங்கியபோது இந்தக் குறை அவர் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு டோரினைப் போய்ப் பார்த்தேன். ஆலைக் கிடங்குக்கு மேலே ஒரு அறையில் இருந்தார். அறை ஆலைக்குச் சொந்தமானது, ஃபாஸ்நெட் கோமாளித் திருவிழாவுக்குள் காலி செய்யும்படி சொல்லியிருந்தார்கள். காப்பீட்டிலிருந்து, தவறு அவருடையது என்று முடிவு வந்திருந்தது. இடது கையால் எனக்குத் தேநீர் ஊற்றினார், பாதி தட்டில் சிந்தியது, துடைக்க என்னை விடவில்லை. நான் எந்த நிறுவனம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இன்ஜினியரம்மா, நான் வெளக்கப் பாத்துட்டுத்தான் கைய வச்சேன். செவப்பு எரியல. பலகைய ஜெர்மன்ல எழுதியிருந்தாங்க, சரி, நான் படிக்கல. செவப்பு எரியுதா இல்லையான்னு பாக்க எதுக்கு ஜெர்மன்?" என்றார். திரும்பி வந்து என் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 'கருவியில் குறை இல்லை' என்று நிறுவனம் பதில் அனுப்பிவிட்டதாக ஸ்ட்ரிட்மாட்டர் பிறகு சொன்னார். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றுக்கும் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், முக்கியமான விஷயம் என்றார், ஃபாஸ்நெட் முடியட்டும் என்றார்.

அதன் பிறகு ஃபாஸ்நெட்டின் கொழுப்பு வியாழன் வந்தது. தவக்காலத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை கோமாளிகள் மேயரிடமிருந்து நகர மன்றச் சாவியைப் பிடுங்குவார்கள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வரை ஊரில் அவர்கள் ஆட்சி. எங்கள் தொழிற்சாலையிலும் தாத்தா காலத்திலிருந்து இதே கூத்து. உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் பெண்கள் முதலாளியின் டையை வெட்டுவார்கள், அவர் ஒரு அட்டைச் சாவியை அவர்களிடம் ஒப்படைப்பார், பிறகு எல்லோருக்கும் எண்ணெயில் பொரித்த பலகாரம். டாக்டர் குவென்ட்லர் இதற்கென்றே ஒரு மட்டமான டை கட்டிக்கொண்டு வருவார். இந்த ஆண்டு வெட்டியவர் பரிசோதனை மேசையில் வேலை செய்யும் கெர்லின்டெ ஃபாலர். வெட்டிய துண்டைத் தூக்கிக் காட்டி, "வெலச் சீட்டையாவது கிழிச்சுட்டுக் கட்டியிருக்கலாமே டாக்டர்" என்றார். உணவுக்கூடம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். நம்முடைய முதலாளி எவ்வளவு எளிமையானவர் என்று அன்றைக்கு ஒரு நாள் எல்லோரும் பேசிக்கொள்வார்கள், டைக்கு அதுதான் பயன்.

அட்டைச் சாவி இந்த ஆண்டு இல்லை. அது பழசாகிவிட்டது, நிஜத்தையே கொடுத்தால் கைதட்டல் கூடும் என்று ஸ்ட்ரிட்மாட்டர் யோசனை சொல்லியிருந்தார். ஆகவே டாக்டர் குவென்ட்லர் மூல அமைப்பின் அனுமதி அட்டையைச் சிவப்பு ரிப்பனில் கோத்துக்கொண்டு மேடை ஏறினார். மைக்கில், "இந்த நிமிசத்துல இருந்து நீங்கதான் மொதலாளி. நான் வெறும் கோமாளி. எதையும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார். நான் மரத்தில் செதுக்கிய சூனியக்காரி முகமூடி போட்டிருந்தேன். கெர்லின்டெ என்னை முன்னால் தள்ளிவிட்டார். டாக்டர் குவென்ட்லர் ரிப்பனை என் கழுத்தில் போட்டார். தொழிற்சாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. படம் எடுத்தவர்களும் உண்டு. இதற்குத்தான் புகாரில் திருட்டு என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. முரசுக் கூட்டத்தோடு ஊருக்குள் போய்விட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை தொழிற்சாலை வழக்கம்போல் ஓடியது. காலையில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் அவர் என்னைப் பார்த்தார், என் கழுத்தில் இருந்த அட்டையையும் பார்த்தார். "மொதலாளி, ஒரு காபி குடிச்சுக்கவா?" என்றார். குடி என்றேன். சிரித்துக்கொண்டே காபியை எடுத்துக்கொண்டு போனார். கூட நின்ற இரண்டு பேர் இதைக் கேட்டார்கள். திருநீற்றுப் புதனுக்கு முன்பு சாவியைத் திருப்பிக் கேட்கிறவனை இந்த ஊர் அடுத்த ஆண்டு ஊர்வலத்தில் பொம்மை செய்து இழுக்கும். தாங்களும் இந்த ஊர்க்காரர், தங்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். பொம்மை ஆக்கப்படுவோம் என்று பயந்து அட்டையை என் கழுத்திலேயே விட்டுவிட்டார். ஒரு மனிதனின் கை போனபோது இவ்வளவு பயம் அவரிடம் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு நான் மேசைக்குப் போய், அட்டையைச் செருகி, ஸ்ட்ரிட்மாட்டர் போட்ட டிக்கை எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. அன்றைக்கு நான் எழுதிய சிப்புகளில் அலாரம் வெளியே போகும். பரிசோதனை செய்தேன். வெளிச்சத்தைக் குறைத்தால் சிவப்பு எரிந்தது. வேலை முடிவதற்கு முன்பு டிக்கைப் பழையபடி போட்டுவிட்டேன். முடிந்த என்கோடர்களைக் கிடங்கில் முன்பே இருந்தவற்றோடு கலந்து வைத்தேன். மேலே வரிசை எண் மட்டும் இருக்கும், எது அன்றைக்கு எழுதியது என்று காட்டும் அடையாளம் கிடையாது. கெர்லின்டெவுக்கோ மற்றவர்களுக்கோ இதில் எதுவும் தெரியாது. அட்டையைத் திருநீற்றுப் புதனன்று காலையில் டாக்டர் குவென்ட்லரின் மேசையில் வைத்தேன். நெற்றியில் சாம்பலோடு இருந்தார், நன்றி என்றார்.

மார்ச் கடைசியிலிருந்து சில மர ஆலைகளில் சிவப்பு எரிந்து இயந்திரங்கள் நின்றன. திறந்து பார்த்த ஒவ்வொன்றிலும் தட்டு முழுக்கப் பிசின். ஒன்றில்கூட அலாரம் பொய்யாக அடிக்கவில்லை. ஸ்ட்ரிட்மாட்டர் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்று மதியமே என் கணினியை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு, மே மாதம் டாக்டர் குவென்ட்லர் என் வீட்டுக்கு வந்தார். கையில் கேக் பெட்டி இருந்தது. எந்தெந்த என்கோடர்களை மாற்றினேன் என்று மட்டும் சொன்னால் போதும், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நல்ல சான்றிதழும் தருகிறேன், வேறு ஊரில் வேலை கிடைக்கும் என்றார். சொல்லாவிட்டால் சிறைகூட வரலாம் என்று அவருடைய வக்கீல் கூறுவதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்து, அடைப்பானை மாற்றி, டிக்கை எடுத்து அனுப்புங்கள் என்றேன். "ரோன்யா, மூணு நாடு, எத்தன ஆலை. ஒவ்வொண்ணாக் கழட்டிக் கொண்டாந்து நம்ம மேசையில மாட்டித்தான் பாக்க முடியும். கம்பெனி தாங்காது. நீ அந்த வெள்ளிக்கெழம நம்பரச் சொல்லு, அத மட்டும் எடுத்துருவோம்" என்றார். எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறுபடி சரிசெய்து அனுப்புவோம் என்றார். அடைத்து அனுப்புவீர்களா என்று கேட்டேன். அவர் கேக் பெட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை போனவரின் பெயர் என்ன என்று கேட்டேன். முழுப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. வெளியே போகச் சொன்னேன். வாசலில் நின்று, "அப்ப நீங்க கோர்ட்லயே பாத்துக்குங்க, மிஸ் கெட்டரர்" என்றார். விருந்தில் கொடுத்த 'நீ' அப்போது திரும்பிப் போயிற்று. கேக்கை விட்டுப் போயிருந்தார். அதைக் குப்பையில் போட்டேன்.

இப்போது தாங்களும் அதே கேள்வியைக் கேட்டீர்கள். எந்தெந்த என்கோடர்களை மாற்றினேன் என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றின் எண்ணும் எனக்குத் தெரியும். சொன்னால், சிவப்பு எரியக்கூடிய சிலவற்றை மட்டும் தேடிப் பிடித்துக் கழற்றி, வாயைக் கட்டி அனுப்பிவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். சொல்லாதவரை எல்லாவற்றையும் கழற்றினால்தான் எது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

டோரினின் கை போன ஆலையில் இப்போது வேறொருவர் அதே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், அங்கே மாட்டியிருக்கும் புதிய என்கோடராவது நான் மாற்றியதா என்று தாங்கள் கேட்டீர்கள். அதற்கும் பதில் சொல்ல மாட்டேன். அந்த ஆளைப் போன வாரம் பார்த்தேன். அவரும் ருமேனியாக்காரர், பெயர் ஃப்ளோரின் மொல்தொவான். பச்சை எரிந்தாலும், எதுவுமே எரியாவிட்டாலும், அணைக்காமல் கையை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். "அணைச்சா அனுப்பிருவாங்க, இன்ஜினியரம்மா" என்றார். எந்த விளக்கை நம்பலாம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. இந்தச் சிறப்பு வரிசையில் எந்த என்கோடர் மாட்டியிருந்தாலும் அந்த இயந்திரத்தை நிறுத்தி வைக்க ஓர் உத்தரவு போதும். அதைப் போட என் பதில் தேவையில்லை. அதிகாரம் தங்களிடமும் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திடமும் இருக்கிறது. ஃபாஸ்நெட் முடிந்து நான்கு மாதம் ஆகிறது.

இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரே ஓரிடத்தில் திருத்தச் சொன்னேன். 'இயந்திரங்கள் பழுதாகி நின்றன' என்று தட்டச்சாகியிருந்தது. 'பழுதாகி' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் மறுக்கப்பட்டது என்பதும் உண்மை.

ஒப்பம்: ரோன்யா கெட்டரர்
வைல்டால் காவல் நிலையம், ஜூன் மாதம்